அக்கா பார்த்த புள்ளிகள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் வீட்டு மாடிப்படியில், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தான், என்னைப் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"நீதான் கதை எழுதுறவளாச்சே. இதையும் எழுதிடு. அவ படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்."

"நீங்களே சொல்லிடலாமே அத்தான்."

"தினமும் சொல்லத்தான் போறேன். வாய் வரைக்கும் வந்துடுது. அதுக்குள்ள அவ 'சாப்பிட வாங்க'ன்னு கூப்பிட்டுடுறா."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமானால் எடுத்துக்கொள்வேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். அக்காவிடம் அவரால் சொல்ல முடியாதது இதுதான்: அவளுடைய வேலைக்கு உதவட்டும் என்று அவளுடைய பழைய கணினியின் வேகத்தை அவர் கூட்டிவைத்தார், அதனால் அக்கா தன் கண்களை நம்புவதை விட்டுவிட்டாள்.

ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. இதற்கு மேல் எதற்குக் கதை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு வாக்கியத்தை ஒருவர் இன்னொருவரிடம் சொல்ல முடியாமல் போகும்போதுதான் கதை தேவைப்படுகிறது என்று எழுதிப் பார்த்தேன். அந்த வரி கொஞ்சம் அதிகமாகப் பளபளக்கிறது. அடித்துவிட நினைத்து, அடிக்காமல் விட்டிருக்கிறேன். படிக்கும்போது தாண்டிப் போய்விடுங்கள்.

2

முதல் தொடக்கம்:

அக்காவின் பார்வை மங்கத் தொடங்கியது ஒரு கோடைக்காலத்தில்

நிறுத்திவிட்டேன். அக்காவின் பார்வை மங்கவே இல்லை. முதல் வரியில் ஒரு பொய்யை வைத்துவிட்டுக் கடைசி வரியில் அதை உடைத்துக் காட்டுவது எனக்குப் பழகிய வித்தைதான். இந்த முறை மனம் வரவில்லை. அக்காவை ஒருமுறை ஏமாற்றியாகிவிட்டது, போதும்.

இரண்டாம் தொடக்கம்:

நான் ஒரு பழைய கணினி. ஒரு மேசைக்கு அடியில் என்னை

வேண்டாம். பேசும் கணினியை நானே படிக்க மாட்டேன்.

மூன்றாம் தொடக்கம்:

அத்தான் நல்லவர்.

இதுவும் ஆகாது. ஒருவரை நல்லவர் என்று அறிமுகப்படுத்தினால் வாசிப்பவர்கள் உடனே அவரைச் சந்தேகப்படுவார்கள். எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது. அதை ஒளித்துவைத்து விளையாடப் போவதில்லை. அதற்குரிய இடம் வரும்போது சொல்கிறேன்.

இனித் தொடக்கம் தேடாமல் நடந்ததைச் சொல்வதே நல்லது.

3

அக்காவின் வேலை தூசு அழிப்பது. கைக்கடிகாரங்களை விளம்பரத்துக்காகப் படம் எடுக்கும் ஒரு ஸ்டூடியோவுக்கு அவள் வீட்டிலிருந்து வேலை செய்தாள். படம் எடுக்கும் முன் எவ்வளவுதான் துடைத்தாலும், பெரிதாக்கிப் பார்த்தால் கடிகாரத்தின் முகமெல்லாம் தூசு, நார், யாருடைய விரல்ரேகையோ. அக்கா திரையின் முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிப்பாள்.

"உலகத்துலயே சுத்தமான இடம் என்னோட ஸ்க்ரீன்தான்டி. திரும்பி வீட்டைப் பார்த்துடாத" என்பாள்.

படங்களின் அளவு கூடிக்கொண்டே போனது. கணினி அதேதான். "ஒரு தடவ தேய்ச்சுட்டு, எழுந்து போய் காப்பி கலந்து எடுத்துட்டு வந்தா, அப்பதான் அது தேய்க்கவே ஆரம்பிச்சிருக்கும்."

புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்ற பேச்சே அத்தானுக்கு ஆகாது. கஞ்சத்தனம் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன், அது இல்லை. எந்த இயந்திரமும் தன்னிடம் இருப்பதை முழுதாகக் கொடுப்பதில்லை என்று அவர் நம்பினார். லிஃப்ட்டுக்குள் எத்தனை பேர் ஏறலாம் என்று ஒரு பலகை இருக்குமே, அதைக் காட்டிச் சொல்வார்: "எட்டு பேர்னு போட்டிருந்தா ஒன்பதாவது ஆள் ஏறினதும் அறுந்துடுமா? தாங்கும். தாங்குறத வெளிய சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான்."

(இவ்வளவுக்கும், அவர் பொறுப்பிலிருக்கும் எந்த லிஃப்ட்டிலும் ஒன்பதாவது ஆளை ஏறவிட்டதில்லை. ஒருமுறை மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற ஒருவரையே வெளியே இறக்கி, "அடுத்ததுல வாங்க, பொண்ணு ஓடிடாது" என்றாராம்.)

கணினிக்கும் அப்படி ஒரு பலகை உண்டு என்று அவர் எங்கோ படித்தார். கணக்குப் போடும் செயலிக்கும், திரையில் படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டுக்கும் தயாரித்தவர்கள் ஒரு பத்திரமான வேகத்தை வைத்து அனுப்புகிறார்கள். அமைப்புகளுக்குள் போய் அந்த வேகத்தைக் கூட்டலாம். ஓவர்க்ளாக் என்று அதற்குப் பெயர். கூட்டினால் மின்சாரம் கொஞ்சம் கூடுதலாக ஊட்ட வேண்டும். அதற்கேற்ப சூடும் கூடும்.

சித்தியின் அறுவைச் சிகிச்சைக்குத் துணையாக அக்கா சில நாள் வெளியூர் போயிருந்தபோது அவர் அதைச் செய்தார். நான் ஒரு மாலை அங்கே போயிருந்தேன். கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்து, மேசை மின்விசிறியை நேராக உள்ளே திருப்பி வைத்திருந்தார். வேகத்தை ஒரு படி கூட்டுவார். சோதனை ஓட்டுவார். கணினி உறைந்து நின்றுவிட்டால் ஒரு படி குறைப்பார். உறையாவிட்டால் இன்னொரு படி. கடைசியாக வைத்த வேகத்தில் அது ஒரு பகல் முழுக்க நிற்காமல் ஓடியது.

"ஏதாவது தப்புன்னா நின்னுடும். நிக்கலையே!" என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

பிறகு தகட்டை மூடி, மின்விசிறியை அதன் இடத்தில் வைத்து, பெட்டியை மேசைக்கு அடியில் மூன்று பக்கமும் பலகை அடைத்த அதன் பொந்துக்குள் தள்ளிவிட்டார். நானும் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினேன்.

அக்கா திரும்பி வந்து, படத்தைத் தேய்க்கும் மின்பேனாவை இழுத்தாள். கோடு கையோடு வந்தது.

"என்னங்க மந்திரம் போட்டீங்க?"

"தூசு தட்டினேன். உனக்கு மட்டும்தான் தட்டத் தெரியுமா?"

வேகத்தைக் கூட்டியதை அவர் சொல்லவில்லை. சொன்னால் பயந்துபோய்ப் பழையபடி மாற்றச் சொல்வாள் என்று நினைத்தாராம். கொஞ்ச நாள் ஓடட்டும், பழகியதும் சொல்லிக்கொள்ளலாம்.

4

மழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கியதும் முதல் புள்ளி வந்தது. ஒரு கடிகாரத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் பச்சையாக ஒன்று. அக்கா பெரிதாக்கிப் பார்த்தாள், இல்லை. பழைய அளவுக்கு வந்தாள், வேறிடத்தில் இருந்தது.

அத்தான் வேலையிலிருந்து வருவதற்குள் அவள் வேலையை முடித்துக் கணினியை அணைத்துவிடுவாள். அவர் வந்து, கை கழுவி, மறுபடியும் போட்டுப் பார்க்கும்போது பெட்டி ஆறியிருக்கும், சூட்டில் கார்டு தப்பாக வரைந்த புள்ளிகளும் போயிருக்கும்.

"எங்க?"

"மத்தியானம் இங்கதான் இருந்துச்சு."

"மத்தியானம் இருந்த புள்ளி சாயங்காலம் எங்க போகும்? கடைக்கா?"

"கேலி பண்ணாதீங்க. நெஜமா இருந்துச்சு."

"ஒண்ணுமில்லையேம்மா. நாள் பூரா அதையே முறைச்சுப் பார்க்குற, கண்ணு வறண்டிருக்கும். என்னைக்கூட நீ அப்படிப் பார்த்ததில்ல."

அவள் சிரித்தாள். அந்த உரையாடலை இருவருமே எனக்குத் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டிலும் அவள் சிரிக்கிறாள். அடுத்த வாரமும் அழைத்தாள், அவர் பார்த்தார், ஒன்றுமில்லை. அதற்கடுத்த முறை "வாங்களேன்" என்று தொடங்கி, "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று அவளே முடித்துக்கொண்டாள்.

(அத்தான் என்னிடம் சொன்ன ஒரு வாக்கியம்: "பெட்டி மேல அவ அந்தத் துணியப் போட்டு மூடாம இருந்திருந்தா இவ்வளவு சூடாகியிருக்காது." அக்கா கணினிக்கென்று தைத்த உறை அது, வேலை செய்யும்போது பாதி மடித்து மேலே போட்டிருப்பாள். மறுநாள் போன் செய்து, "அந்தத் துணி விஷயத்த எழுதிடாத, நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். எழுதிவிட்டேன். சொன்னவரும் அவர்தான், வெட்கப்பட்டவரும் அவர்தான். இரண்டும் சேர்ந்தால்தான் அத்தான்.)

5

எங்கள் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் பார்வை போய்விட்டது. சாப்பிடும்போது தட்டின் விளிம்பை விரலால் சுற்றிப் பார்த்துக்கொள்வாள். இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை. எங்கள் இருவருக்கும் அந்த விரல் போதும்.

கண் மருத்துவர் அக்காவிடம் கேட்டார்: "திரையில் மட்டும்தான் தெரிகிறதா, மற்ற இடத்திலும் தெரிகிறதா?"

அக்கா அவருடைய அறையின் வெள்ளைச் சுவரைப் பார்த்தாள். கண்ணாடி நூல் போல ஏதோ ஒன்று மெல்ல நழுவிப் போனது. "மற்ற இடத்திலும்" என்றாள்.

நீங்களும் இப்போது ஒரு வெள்ளைச் சுவரைப் பார்க்கலாம். தேடினால் உங்களுக்கும் தெரியும். எல்லோருடைய கண்ணுக்குள்ளும் அப்படிச் சில துகள்கள் மிதக்கின்றன. தேடாதவரை யாருக்கும் தெரிவதில்லை. மருத்துவர் அதைச் சொல்லவும் செய்தார். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

"எல்லாருக்கும் இருக்கிறதுதான்னு சொன்னார் இல்ல?" என்று நான் கேட்டேன்.

"அம்மாவுக்கும் மொதல்ல அப்படித்தான்டி சொன்னாங்க."

அந்த ஒரு கேள்வியை அவர் வேறு மாதிரி கேட்டிருந்தால்

இல்லை. மருத்துவர் மேல் போட முடியாது. அவர் முன்னால் இருந்தது ஒரு ஜோடிக் கண்கள். கணினியை யாரும் அவரிடம் கூட்டிப் போகவில்லை.

6

இதை எழுதத் தயங்கித்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

அத்தான் அக்காவுக்கு ஒரு வழி சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். "தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும்னு விட்டுடு. உன் கண்ணுல இருக்கிறதப் படத்துல தேடாத."

அக்கா அதைப் பழகிக்கொண்டாள். புள்ளியைப் பார்ப்பாள், கடந்துவிடுவாள். நார் போல ஒன்றைப் பார்ப்பாள், கடந்துவிடுவாள். அப்படிக் கடந்துபோனவற்றில் ஒன்று உண்மையான முடி. கண்ணாடிக்கு மேல், இரண்டு முள்ளுக்கும் நடுவில், மெல்லிய வளைவாகக் கிடந்தது. படம் அச்சாகி, சாலையோரப் பலகையாகி நின்றபோது அந்த முடி ஆள் உயரம் இருந்தது.

ஸ்டூடியோ முதலாளி திட்டவில்லை. "நடக்கிறதுதாம்மா. கவனிச்சிருக்க மாட்டீங்க" என்றார்.

"கவனிச்சேன் சார்" என்றாளாம் அக்கா. "பார்த்தேன். பார்த்துட்டுத்தான் விட்டேன்."

அவருக்கு அது புரியவில்லை. திட்டியிருந்தால் அவள் வீட்டுக்கு வந்து அழுதிருப்பாள், மறுநாள் வேலை செய்திருப்பாள் என்று நினைக்கிறேன். இப்போது அதே ஸ்டூடியோவில் முன்னறையில் உட்கார்ந்து தொலைபேசி எடுக்கிறாள். அவளே கேட்டு வாங்கிக்கொண்ட இடம்.

7

அக்காவுக்குத் தேவைப்படாத கணினி எனக்கு வந்தது. இந்தக் கதையை அதில்தான் எழுதுகிறேன்.

எழுதும்போது திரையின் ஓரத்தில் கடலலை வீடியோ ஒன்றை ஒலியில்லாமல் ஓடவிடுவது என் வழக்கம். மாடியறை, பகலில் கூரைச் சூடு இறங்கும். ஒரு மத்தியானம் கடலுக்கு மேல் பச்சையாக ஒரு புள்ளி மின்னியது. பிறகு நான் தட்டச்சு செய்த பக்கத்தில் இன்னொன்று. அம்மா, அக்கா, அடுத்தது நான் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு அப்படியே இருந்தேன். பிறகு என்ன தோன்றியதோ, கைப்பேசியை எடுத்துத் திரையைப் படம் பிடித்தேன்.

படத்தில் புள்ளி இருந்தது.

(அக்கா ஏன் படம் எடுக்கவில்லை? பக்கத்தில் இருப்பவர் குனிந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று அன்பாகச் சொன்னபிறகு யாரும் படம் எடுக்க மாட்டார்கள்.)

அந்தப் படத்தை அத்தானுக்கு அனுப்பினேன். வேலை நடுவில், கையில் கிரீஸோடு வந்து நின்றார். பெட்டியின் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேராக அமைப்புகளைத் திறந்து, கிராபிக்ஸ் கார்டின் நினைவக வேகத்தைத் தயாரித்தவர்கள் வைத்த இடத்துக்கே இறக்கினார், பிறகு செயலியையும். கடல் மறுபடியும் ஓடியது. அன்று மாலை வரை பார்த்துக்கொண்டிருந்தோம். அலை மட்டும்தான் வந்தது.

என் சந்தேகம் இங்கேதான். எதை இறக்க வேண்டும் என்று அவர் தேடவே இல்லை. கணினியை எனக்குக் கொடுத்துவிடலாம் என்று சொன்னதும் அவர்தான்.

"முன்னாடியே தெரியுமா அத்தான்?"

இதை நான் கேட்டது அன்று இல்லை, கதையை எழுதச் சொல்லி அவர் படியில் உட்கார்ந்திருந்த நாளில். ஹெல்மெட்டின் பட்டையைக் கோர்ப்பதும் கழற்றுவதுமாக இருந்தார்.

"லிஃப்ட்டுல தப்புன்னா நின்னுடும்மா. கதவு சரியா மூடலையா, நகராது. கயிறு தளர்ந்துச்சா, பிரேக் பிடிச்சுக்கும். இது நிக்காம ஓடிக்கிட்டே தப்பு பண்ணும்னு எனக்குத் தெரியாது."

"நான் அதக் கேக்கல."

"தெரியும், நீ என்ன கேக்குறேன்னு." பட்டையைக் கோர்த்து முடித்துவிட்டு: "தெரியாதுன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். தெரிஞ்சுக்க வேணாம்னு இருந்திருப்பேன் போல."

"இதையும் எழுதட்டுமா?"

"எழுது" என்றார்.

8

எழுதிப் பார்த்த முடிவுகள்.

ஒன்று. அக்கா படிக்கிறாள், சிரிக்கிறாள், அடுத்த வாரமே பழைய வேலைக்குத் திரும்புகிறாள். முழுதாக எழுதி முடித்தேன். அதில் அவள் சிரிப்பது சீக்கிரமாக வந்துவிடுகிறது. எனக்கு அக்காவின் சிரிப்பு தெரியும்.

இரண்டு. அக்கா "சாப்பிட வாங்க" என்கிறாள். அத்தான் "வர்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்கிறார். எனக்குப் பிடித்த முடிவு. இது நடந்தால் இந்தக் கதையே வேண்டாம், கிழித்துப் போட்டுவிடுவேன். தினமும் அத்தானுக்குப் போன் செய்து கேட்கிறேன். "இன்னிக்கு சாம்பிராணி மாதிரி நின்னுட்டு வந்துட்டேன்" என்கிறார்.

மூன்று. யாரும் சொல்லவில்லை. புள்ளிகள் போய்விட்டன, வேலை போய்விட்டது, அக்காவும் பழகிவிட்டாள். இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஒருநாள் இதற்குச் சம்மதித்தும்விட்டேன். அன்றுதான் அத்தான் சொன்னார்: காலையில் எழுந்ததும் அக்கா ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு சுவரிலிருக்கும் நாட்காட்டியைப் படிக்கிறாள். பிறகு மற்றொரு கண்ணைப் பொத்திக்கொண்டு. அது நடந்துகொண்டிருக்கும்வரை மூன்றாவது முடிவை நான் தேர்ந்தெடுக்க முடியாது.

ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. என் கதைகளை முதலில் படிப்பவள் எப்போதும் அக்காதான். கண்ணில் கோளாறு என்றானபிறகு அவள் படிப்பதில்லை. நான் வாசிக்க, அவள் கேட்கிறாள். இதை என் குரலில் வாசிக்க என்னால் முடியாது.

9

இந்தப் பகுதி அவள் கையிலிருக்கும் தாள்களில் இல்லை. பக்கத்து அறையில், காகிதத்தில், கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மத்தியானம் வந்தாள். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "ம், வாசிடி. தூங்கிட்டா எழுப்பாத, உன் கதை நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்றாள்.

"இன்னிக்கு நீயே படி அக்கா."

"என் கண்ணு..."

"நீயே படி."

சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு தாள்களை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்தாள். கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தாள். நான் எழுந்து இங்கே வந்துவிட்டேன்.

தாள் திரும்பும் சத்தம் கேட்கிறது. பிறகு கேட்கவில்லை. எந்த இடத்தில் நின்றிருக்கிறாள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது, எழுத விருப்பமில்லை.

"ஏய்" என்று குரல் வந்தது. "தூசு அழிக்கிறதுன்னு எழுதியிருக்க."

"ஆமா, ஏன்?"

"நாங்க எதையும் அழிக்கிறதில்ல. பக்கத்துல நல்லா இருக்கிற இடத்துலேர்ந்து கொஞ்சம் எடுத்து அது மேல வைக்கிறோம். கூடவே இருந்து பார்த்திருக்க, இதுகூடத் தெரியல. மாத்து."

"மாத்துறேன்."

(மாற்றவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன்.)

மறுபடியும் தாள்கள். மறுபடியும் ஒன்றுமில்லை. கடைசித் தாளை அவள் மேசையில் வைத்ததும், மற்றவற்றோடு சேர்த்து விளிம்புகளைத் தட்டி நேராக்கியதும் கேட்டது. அதற்குப் பிறகு, இந்தப் பத்திக்கும் அடுத்த வரிக்கும் நடுவில், நான் எழுதாத ஒரு நீண்ட நேரம் இருக்கிறது.

"அவர் எங்க?"

"கீழ. வண்டி மேல உட்கார்ந்திருக்கார்."

"எப்பலேர்ந்து?"

"நீ படிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து."

ஜன்னல் வழியாக எனக்கு அவர் தலை தெரிகிறது. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. வண்டியையும் எடுக்கவில்லை. வெயில் அவர்மேல் நேராக விழுகிறது. பக்கத்திலேயே நிழல் இருக்கிறது, நகரவில்லை.

அக்கா சொன்னாள். "மேல வரச் சொல்லு" என்றோ, "வீட்டுக்குப் போகச் சொல்லு" என்றோ. இரண்டில் ஒன்று. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, இரண்டில் எதற்கும் பொருந்துகிற மாதிரி. எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அது அத்தானுக்குச் சொன்னது. நான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவள், அவ்வளவுதான். நான் படியிறங்கி முடிப்பதற்குள் எது என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் காதில் விழப்போவதும் அதுவாகவே இருக்க வேண்டும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

போகிறேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டார்.